மெயிலில் வரும் வில்லங்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வருமான வரி ரீஃபண்ட் வந்திருப்பதாக மெயில். அனுப்பியவர் இடத்தில் 'இன்கம்டாக்ஸ் டிபார்ட்மென்ட்' என்றே இருக்கிறது. நம்பலாமா?

அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். மெயில் அனுப்பும் முறையான எஸ்எம்டிபி 1982-இல் வகுக்கப்பட்டபோது அனுப்புபவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடே அதில் இல்லை. தபால் உறையில் அனுப்புநர் பெயரை இஷ்டத்துக்கு எழுதுகிற மாதிரிதான்.

செல்போனில் பெயர் மட்டும் தெரியும். அதைத் தட்டினால்தான் முழு முகவரி வரும். '@' குறிக்குப் பின்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். நடுவில் 'கவ்.இன்' என்று இருந்து கடைசியில் வேறேதோ '.காம்' என்று முடிந்தால் அது அரசு முகவரி அல்ல. ஆங்கில 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி 'எம்' போலக் காட்டுவதும் பழைய வேலை.

முகவரி அச்சு அசல் சரியாக இருந்தும் சந்தேகமா? கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். மெயில் அந்த முகவரியிலிருந்துதான் வந்ததா என்று சோதிக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற வரிகளில் 'ஃபெயில்' என்றிருந்தால் ஒதுக்கிவிடலாம். 'பாஸ்' என்றால் மட்டும் நல்ல மெயில் ஆகிவிடாது. மோசடிக்காரன் சொந்தமாக வாங்கிய டொமைனும் ('@' குறிக்குப் பின்னால் வரும் பெயர்) பாஸ் ஆகும். எப்படியானாலும் வரித்துறை மெயிலில் ஓடிபி, கார்டு பின் கேட்பதில்லை. ரீஃபண்ட் உண்டா என்பதை நீங்களே தளத்துக்குப் போய்ப் பாருங்கள்; மெயிலில் உள்ள லிங்க் வழியாக வேண்டாம்.

கேள்வி: வந்திருப்பது பிடிஎஃப் பில்தானே, திறந்தால் என்ன?

பிடிஎஃப்தானா என்று முதலில் பாருங்கள். 2000 மே மாதம் உலகையே கலக்கிய 'ஐ லவ் யூ' வைரஸ், '.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடியும் ஃபைலாகத்தான் வந்தது. 'விபிஎஸ்' என்றால் திறந்ததும் ஓடும் புரோகிராம். விண்டோஸ் அந்தக் கடைசித் துண்டை மறைத்துவிட, பலர் சாதாரண எழுத்துக் கோப்பு என்று நினைத்துத் திறந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் இன்றைக்கும் அதை மறைத்துத்தான் வைக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' மெனுவுக்குள் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள்.

ஜிப் ஃபைலை அனுப்பி அதற்கான பாஸ்வேர்டையும் அதே மெயிலில் எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். பூட்டிய ஜிப்புக்குள் வைரஸ் ஸ்கேனரால் எட்டிப் பார்க்க முடியாது, அதற்காகத்தான் அந்தப் பூட்டு.

கேள்வி: என் பெயரில் நண்பர்களுக்கு வைரஸ் மெயில் போகிறதாம். என் கம்ப்யூட்டர் போச்சா?

அப்படி இருக்கவேண்டிய அவசியமில்லை. 2002-இல் பரவிய கிளெஸ் வைரஸ், தான் புகுந்த கம்ப்யூட்டரில் கிடைத்த முகவரிகளில் ஒன்றை அனுப்புநராகவும் இன்னொன்றைப் பெறுநராகவும் போட்டுவிடும். மாட்டியது யாரோ மூன்றாவது ஆள், திட்டு உங்களுக்கு! உங்கள் 'சென்ட்' பெட்டியில் நீங்கள் அனுப்பாத மெயில் இருந்தால் கதை வேறு. உடனே பாஸ்வேர்டை மாற்றி, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனும் (பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சோதனை) போடுங்கள்.

கேள்வி: லிங்கை அழுத்தி கார்டு எண்ணையும் கொடுத்துவிட்டேன்.

மீதியை அப்புறம் படிக்கலாம். முதலில் பேங்குக்குச் சொல்லி கார்டை முடக்குங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடுங்கள்.