குழந்தையின் ஈறில் வெள்ளைப் புள்ளி: எந்த ஜெல் வாங்கலாம்?

கேள்வி: எங்கள் மகன் பிறந்து 12 நாள் ஆகிறது. நேற்று கொட்டாவி விட்டபோது மேல் அண்ணத்தின் நடுவில் இரண்டு, கீழ் ஈறின் மேல் ஒன்று என்று குண்டூசித் தலை அளவில் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தேன். பால் நன்றாகத்தான் குடிக்கிறான், அழுகையும் இல்லை. பல் முளைக்கிறது, ஈறில் தடவும் ஜெல் வாங்கு என்கிறார்கள் வீட்டில். ஆன்லைனில் ஏகப்பட்டது இருக்கிறது. எது நல்லது?

பதில்: எதையும் வாங்க வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பல் இல்லை, நோயும் இல்லை. பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தச் சின்னக் கட்டிகள் இருக்கின்றன. வாயைத் திறந்து யாரும் பார்ப்பதில்லை என்பதால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

கருவில் அண்ணம் இரண்டு பாதிகளாக வளர்ந்து நடுவில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும் கோட்டில் மேல்தோல் செல்கள் கொஞ்சம் உள்ளே சிக்கிக்கொள்ளும். அவை கெரட்டின் என்ற புரதத்தைச் சேர்த்து வைக்கும். நம் நகத்திலும் முடியிலும் இருப்பதும் அந்தக் கெரட்டின்தான். அதனால்தான் புள்ளி வெள்ளையாக, தொட்டால் கெட்டியாக இருக்கிறது. இதை எப்ஸ்டீன் முத்து என்பார்கள். 1880-இல் விவரித்த குழந்தை மருத்துவர் அலோயிஸ் எப்ஸ்டீனின் பெயர் அது. ஈறின் மேல் இருப்பது, பல் உருவாகும் திசுவில் மிஞ்சிய செல்களால் வருவது. எந்த இடத்தில் இருந்தாலும் போக்கு ஒன்றுதான். சில வாரங்களில் தானே உடைந்து மறையும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் இருந்த இடம் தெரியாது.

இப்போது ஜெல் விஷயம். இந்தக் கட்டி வலிப்பதே இல்லை. வலியே இல்லாத இடத்தை மரத்துப்போக வைக்க எதற்குப் பணம்? பணம் போனால்கூடப் போகட்டும், எனக்குக் கவலை உள்ளே இருக்கும் மருந்து பற்றித்தான். இப்படிப்பட்ட ஜெல்கள் சிலவற்றில் பென்சோகெயின் என்ற மரத்துப்போக வைக்கும் மருந்து இருக்கும். அது அரிதாக, இரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பல் வலிக்கென்று இதை விற்கக் கூடாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. அதேபோல் மரத்துப்போக வைக்கும் லிடோகெயினும் வேண்டாம், அதிகம் விழுங்கிவிட்டால் வலிப்பு வரலாம். 'இயற்கையானது' என்று அட்டையில் போட்டிருந்தாலும் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். தேன், போராக்ஸ் (வெங்காரம்) இரண்டில் எது இருந்தாலும் குழந்தையின் வாய்க்குள் போகக் கூடாது. ஒரு வயது ஆகும்வரை தேன் ஒரு சொட்டுகூட ஆகாது.

அப்புறம், துணியால் அழுத்தித் தேய்ப்பது, நகத்தால் கிள்ளுவது, ஊசியால் குத்துவது எதுவும் கூடாது. சும்மா இருந்த இடத்தில் கிருமி புகுந்துவிடும்.

எப்போது டாக்டரிடம் காட்டுவது? நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளைப் படலம் இருந்து, துடைத்தாலும் போகவில்லை என்றால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. கீழ் ஈறின் முன்பக்கம் கூராக, ஆடுகிற மாதிரி ஏதாவது தென்பட்டால் அது பிறக்கும்போதே வந்த பல்லாக இருக்கலாம். அரிதுதான், ஆனால் தளர்ந்திருந்தால் கழன்று மூச்சுக்குழாயில் போய்விடும் அபாயம் உண்டு, அன்றைக்கே காட்டுங்கள். புள்ளி பெரிதாகிக்கொண்டே போனாலும், சிவந்து வீங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், காய்ச்சல் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். இவை எதுவும் இல்லையென்றால், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது ஒருமுறை வாயைக் காட்டிவிட்டு வந்தால் போதும்.

ஒருவேளை ஜெல்லுக்கு ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தால், உறையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பப் பாருங்கள். மருந்து வகைகளைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.