கறுத்துப்போன ஜெர்மன் வெள்ளிக் காசைத் தேய்க்கலாமா?

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் தம்பி, அங்குள்ள பழம்பொருள் சந்தையிலிருந்து 1930-ம் வருடத்து 3 ரைஷ்மார்க் வெள்ளிக் காசு ஒன்று வாங்கி வந்தான். ஒரு பக்கம் பூமி உருண்டையும் ஆகாயக் கப்பலும், மறுபக்கம் கழுகு. நன்றாகக் கறுத்திருக்கிறது. விபூதி போட்டுத் தேய்க்கலாமா? இந்த மாதிரி இன்னும் சேர்க்க ஆசை, எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: தயவுசெய்து தேய்க்காதீர்கள். விபூதி, பற்பொடி, புளி எதுவுமே வேண்டாம். புதிதாக அச்சடித்த காசில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகள் நடுவிலிருந்து விளிம்பு வரை ஓடும். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் வெளிச்சம் சக்கரத்தின் ஆரங்கள் போலச் சுற்றி வருவது அதனால்தான். தேய்த்தால் முதலில் போவது அது, போனால் திரும்ப வராது. ஓக் மரம் பொறித்த 5 ரைஷ்மார்க் ஒன்றை ஆரம்பத்தில் நான் பற்பொடியால் துலக்கினேன். பிறகு விலைக்குக் கேட்டவர் ஒரு தடவை சாய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார், இன்னும் மனசு ஆறவில்லை. பிசுக்கோ பசையோ இருந்தால் மட்டும் சுத்தமான அசிட்டோனில் ஊறவிட்டு, வாலை வடிநீரில் அலசி, துணியில் ஒற்றி எடுங்கள்.

உங்களிடம் இருப்பது 1929 ஆகஸ்டில் 'கிராஃப் செப்பலின்' என்ற ஆகாயக் கப்பல் உலகைச் சுற்றி வந்ததற்காக அடித்த காசு. அதற்குப் போலிகள் உண்டு, அதனால் நகைத் தராசில் வைத்துப் பாருங்கள்: 15 கிராம் இருக்க வேண்டும். விளிம்பில் ஜெர்மன் வாசகம் இருக்கும், வழவழவென்றிருந்தால் சந்தேகப்படுங்கள். காந்தம் ஒட்டினால் வெள்ளியே இல்லை. இதில் பாதிதான் வெள்ளி, மீதி செம்பு.

ஆரம்பிக்க 1935 முதல் 1939 வரை வந்த, ஜெர்மன் அதிபர் ஹிண்டன்பர்க் தலை பொறித்த 5 ரைஷ்மார்க் சுலபம், நிறையக் கிடைக்கும். அளவில் சின்னது, 13.88 கிராம்தான், ஆனால் 90 சதவீதம் வெள்ளி. கணக்குப் போட்டால் 25 கிராம் ஓக் மரக் காசில் உள்ள அதே 12.5 கிராம் வெள்ளிதான் வரும். 1936-லிருந்து அதிலேயே நாஜிகளின் சுவஸ்திகா போட்டதும் வருகிறது, எது வேண்டும் என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் என் மனசு முந்தைய காசுகள் பக்கம்தான்: 1928-ல் டியூரர், 1929-ல் லெஸ்ஸிங், 1932-ல் கோதே என்று ஓவியரையும் எழுத்தாளர்களையும் காசில் போட்ட காலம் அது. கோதே 5 ரைஷ்மார்க் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பவே நம்பாதீர்கள், அது அவ்வளவு அரிது.

அப்புறம், காசில் எந்த ஊரில் அச்சடித்தது என்று காட்டும் ஒரு குட்டி எழுத்து இருக்கும், தேடுங்கள். ஏ என்றால் பெர்லின், டி மியூனிக், இ முல்டன்ஹியூட்டன், எஃப் ஸ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூஹே, ஜே ஹாம்பர்க். செப்பலின் காசை ஆறு ஊரிலும் அடித்தார்கள். உங்களுடையது எந்த ஊர் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.