பி.ஏ. ஆங்கிலம் முடிச்சாச்சு, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கணும்: பி.எட். போதுமா?

தொண்டித் தங்கச்சிக்கு, பி.ஏ. ஆங்கிலத்தோட பி.எட். சேர்ந்தா ஒண்ணாம் வகுப்புக்கே போயிடலாம்னு சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. போக முடியாது. பி.எட். படிச்சவங்க தொடக்க வகுப்புக்குத் தகுதியில்லைன்னு 2023 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. பி.எட். ஆறாம் வகுப்பிலிருந்துதான்.

ஒண்ணு முதல் அஞ்சு வரைக்கும்னா 2 வருஷ தொடக்கக் கல்விப் பட்டயம். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மஞ்சூர்ல ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கு. பிளஸ் டூ மார்க் பட்டியலை இப்பவே எடுத்து வைங்க, சேர்க்கைக்கு அதைத்தான் பார்ப்பாங்க. டிகிரி முடிச்சிட்டு மறுபடியும் பட்டயமான்னு வீட்டுல முணுமுணுப்பாங்க, விடுங்க. அப்புறம் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, முதல் தாள்: 150 மார்க், அதுல ஆங்கிலம் 30. அங்க உங்க டிகிரி கைகொடுக்கும்.

மாண்டிசோரி சான்றிதழ் தனியார் மழலையர் பள்ளிக்குச் சரி, அரசு வேலைக்கு ஆகாது.

ஆனா டிகிரி ஆங்கிலம் வேற, பிள்ளைகளுக்கான ஆங்கிலம் வேற. மண்டபம் ஊர்ப் பக்கம் நான் பாடம் எடுத்த முதல் வருஷம் போர்டுல மீன் வரைஞ்சு 'ஃபிஷ்'னு சொன்னேன். முன்வரிசைப் பொடியன், "எந்த மீன் டீச்சர், சூடையா நகரையா?"ன்னான். நான் வரைஞ்சது ரெண்டுமே இல்ல!