ஆடு குட்டியச் சேத்துக்கறப்ப மூளைக்குள்ள என்ன நடக்குது?

வணக்கம் அக்கா,
கொழிஞ்சாம்பாறைல இருந்து எழுதறேன், எம்எஸ்சி சுவாலஜி. ஆக்ஸிடோசின்ங்கற ஹார்மோன் பத்தி செமினார் இருக்கு. "எலிக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டு மனுசப் பாசத்தப் பத்தி என்னடா தெரிஞ்சுக்கப் போறீங்க"ன்னு அம்மா கேக்கறாங்க, பதில் வரல. நெட்ல லவ் ஹார்மோன்ங்கறாங்களே, அது சரியா?

தம்பி,
அம்மாகிட்ட ஆட்டுல இருந்து ஆரம்பிங்க, பாதி அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும். வேலந்தாவளம் பக்கம் எங்க பட்டில ஒரு செம்மறி ஈத்துல செத்துப்போய் குட்டி மட்டும் பொழச்சுது. அப்பத்தா அந்தக் குட்டிய அப்பத்தான் ஈன்ன இன்னொரு ஆட்டுகிட்ட கொண்டுபோனாங்க, அது முட்டித் தள்ளிருச்சு. உடனே அந்த ஆட்டோட பனிக்கொடத் தண்ணிய எடுத்து குட்டியோட முதுகு, வாலடியெல்லாம் தடவி விட்டாங்க. ஆடு மோந்துச்சு, நின்னுச்சு, மறுபடி மோந்துச்சு, அப்பறம் நக்க ஆரம்பிச்சுருச்சு.

மத்த நாள்ல அந்தத் தண்ணி வாசத்துக்கே ஆடு ஒதுங்கிப் போயிரும். குட்டி வெளிய வர்றப்ப கருவாய் விரியுதில்ல, அந்த இழுவைல மூளைக்குள்ள ஆக்ஸிடோசின் சொரக்குது, அப்பத்தான் அதே வாசம் புடிக்குது, ரெண்டு மணி நேரம் போல ஆச்சுன்னா தன் குட்டி எதுன்னு வாசத்துலயே பதிஞ்சுரும். 1987ல கென்ட்ரிக், கெவர்ன்ங்கற ஆராய்ச்சியாளர் குழு, ஈனாத ஆட்ட ஈஸ்ட்ரோஜென்ங்கற பெண் ஹார்மோன் குடுத்துத் தயார் பண்ணி, மூளைக்குள்ள இருக்கற நீர் அறைல நேரா ஆக்ஸிடோசின் விட்டாங்க, அது வேத்துக் குட்டியச் சேத்துக்கிச்சு. எலில 1979லயே பெடர்சனும் பிராஞ்சும் இதே மாதிரி பாத்திருக்காங்க. ரத்தத்துல ஏத்துனா மூளைக்கு ரொம்பக் கொஞ்சந்தான் போகும், மாட்டுக்குப் பால் எறங்கப் போடற ஆக்ஸிடோசின் ஊசி மடியோட நின்னுக்கறது அதனாலதான்.

லவ் ஹார்மோன்ங்கற பேர நான் ஏத்துக்க மாட்டேன். பிரேரி வோல்னு அமெரிக்கப் புல்வெளில ஒரு எலி, ஜோடி சேந்தா பிரியாது, அதுக்கு ஆக்ஸிடோசின்தான் காரணம்னு ரொம்ப வருஷம் சொல்லிட்டு இருந்தாங்க. 2023ல ஆக்ஸிடோசின் வந்து ஒட்டற ரிசெப்டரோட ஜீனையே எடுத்துட்டுப் பாத்தா அப்பவும் ஜோடி சேந்துச்சு! ஒரு மருந்து மட்டும் பாசத்த உண்டாக்கல தம்பி, வாசம், ஈத்து, ஈஸ்ட்ரோஜென், மூளைல எந்த எடம்னு எல்லாம் கூடி வரணும். மனுசன் மூளையத் திறந்து இதப் பாக்க முடியாது, அதனாலதான் ஆட்டுலயும் எலிலயும் பாக்கறாங்க, ஆனா அந்த ஆட்டுக்கும் எலிக்கும் உசுரு போகுது, அம்மா கோவத்துல நியாயம் இருக்கு, அதயும் செமினார்ல மறைக்காமச் சொல்லுங்க.

உங்க பட்டில ஆடு குட்டியச் சேத்துக்காதப்ப அம்மா என்ன பண்ணுவாங்கன்னு கேட்டு எனக்கு எழுதுங்க.