வெண்டிலேட்டர் இருக்கிறது, சக்ஷன் எங்கே? ஆம்புலன்ஸ் கருவிகள் பற்றிய கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஆம்புலன்ஸ் ஓட்டும் தன்னார்வக் குழுக்களும் நற்பணி மன்றங்களும் எழுதியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

எங்கள் வண்டியில் உள்ள ஆக்ஸிஜன் சிலிண்டர் எவ்வளவு நேரத்துக்கு வரும்? (கொருக்குப்பேட்டை)

சிலிண்டரின் அளவு, கேஜ் காட்டும் அழுத்தம், நிமிடத்துக்கு விடும் லிட்டர் ஆகிய மூன்றில் ஒன்றைக்கூட எழுதாமல் இப்படிக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. வண்டிகளில் வழக்கமாக இருக்கும் பி டைப் சிலிண்டர் என்று வைத்துக்கொள்கிறேன். அதன் கொள்ளளவு சுமார் 10 லிட்டர். கேஜ் 150 பார் காட்டினால் உள்ளே 1500 லிட்டர் ஆக்ஸிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் இரண்டரை மணி நேரம் வரும். கேஜ் 50 காட்டும் நிலையில், பை வைத்த மாஸ்க்கில் 15 லிட்டர் விட்டால், அரை மணி நேரம்தான். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நாளில் அந்த அரை மணி நேரம் எங்கே போதும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 50க்குக் கீழே இறங்கிய சிலிண்டரோடு வண்டியை எடுக்காதீர்கள். சிலிண்டர் சாவியைச் சங்கிலியில் கட்டி வையுங்கள். ஷிப்ட் தொடங்கும்போதே வால்வைத் திறந்து கேஜைப் பாருங்கள். நோயாளி ஏறிய பிறகு பார்ப்பதற்குப் பெயர் சோதனை அல்ல.

ரெகுலேட்டர் திருகு இறுக்கமாக இருக்கிறது. கொஞ்சம் எண்ணெய் விடலாமா? (பழைய வண்ணாரப்பேட்டை)

கூடவே கூடாது. தேங்காய் எண்ணெய், கிரீஸ், எண்ணெய் பட்ட கை எதுவும் ஆக்ஸிஜன் வால்வின் பக்கம் போகக் கூடாது. உயர் அழுத்த ஆக்ஸிஜனில் எண்ணெய்ப் பசை தானாகவே தீப்பற்றும். ரெகுலேட்டரை மாற்றுங்கள்.

தீ விபத்தில் புகையைச் சுவாசித்தவருக்கு விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 98 காட்டியது. ஆக்ஸிஜன் தேவையில்லை என்று விட்டுவிடலாமா? (வியாசர்பாடி)

விடக் கூடாது. அந்தக் கருவியால் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்ஸிஜன் ஏறிய ரத்தத்தையும் பிரித்தறிய முடியாது. இரண்டையும் நல்ல ரத்தம் என்றே காட்டும். மூடிய இடத்தில் புகையில் சிக்கியவருக்கு எண் எதுவாக இருந்தாலும் முழு அளவு ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நகப்பூச்சு, மருதாணி, குளிர்ந்த விரல் ஆகியவையும் எண்ணைக் கெடுக்கும்.

எங்கள் மன்றத்தின் சார்பில் புதிய ஆம்புலன்ஸ் வாங்குகிறோம். நன்கொடையாளர்கள் வெண்டிலேட்டர் வைக்க வேண்டும் என்கிறார்கள். எந்த வகை நல்லது? (தண்டையார்பேட்டை)

எந்த வகையும் வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இதே கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. ஆம்புலன்ஸ்களுக்கான ஏஐஎஸ் 125 தரவிதி வண்டிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது. வெண்டிலேட்டர் அவற்றில் டி வகைக்கு, அதாவது உயர்நிலை உயிர்காப்பு வண்டிக்கு, உரியது. அதை இயக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு ஷிப்டிலும் நோயாளியின் அருகில் இருந்தாக வேண்டும். உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருப்பதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

உங்கள் பகுதியிலேயே, அண்மையில் நன்கொடையாக வந்த ஒரு வண்டியைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். வெண்டிலேட்டரின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. நன்கொடையாளர் பெயர் மட்டும் அதன்மீது பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருந்தது. வாயிலும் தொண்டையிலும் தேங்கியதை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் மெஷின் எங்கே என்று கேட்டேன். ஸ்டெப்னி டயருக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஜாடி மூடியின் ரப்பர் வளையம் காணவில்லை, சார்ஜர் ஒயர் காணவில்லை, உறிஞ்சும் மெல்லிய குழாயான கத்தீட்டர் என்று ஒன்றுகூட இல்லை. சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது.

வலிப்பு வந்தவர், முகத்தில் அடிபட்டு ரத்தம் விழுங்குபவர், விஷம் குடித்து வாந்தி எடுப்பவர் என நீங்கள் அன்றாடம் ஏற்றி வருபவர்களுக்கு முதலில் தேவைப்படுவது தொண்டையைச் சுத்தம் செய்யும் கருவி. வாய் நிறைய வாந்தி இருக்கும்போது கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பையான அம்பு பேக்கை அழுத்தினால் அந்த வாந்தியை நுரையீரலுக்குள் நாமே தள்ளுகிறோம். விலை உயர்ந்த வெண்டிலேட்டரும் அதையேதான் செய்யும்.

ஆகவே அந்தப் பணத்தில் பேட்டரியில் ஓடும் சக்ஷன் ஒன்றும், பேட்டரி கைவிட்டால் உதவுவதற்குக் கையால் இயக்கும் சக்ஷன் ஒன்றும், அகலத் துளையுள்ள கெட்டியான யாங்காவர் முனைகளும், பெரியவர், குழந்தை, கைக்குழந்தை மூவருக்குமான அம்பு பேக்குகளும் மாஸ்க்குகளும் வாங்குங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் சக்ஷனைப் போட்டு, குழாய் முனையை மடக்கிப் பிடியுங்கள். பத்து நொடிக்குள் முள் 300ஐ (மி.மீ. பாதரசம்) தொட வேண்டும், தொடாவிட்டால் எங்கோ கசிகிறது என்று பொருள். கண்ணுக்குத் தெரியும் ஆழத்துக்கு மேல் முனையை விடாதீர்கள். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் உறிஞ்சாதீர்கள். நன்கொடையாளர் பெயரைச் சக்ஷன் மெஷின் மீதும் எழுதலாம் என்று அவர்களிடம் மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள்.

கடலில் மூழ்கியவரைக் கரை சேர்த்ததும் இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் ஏஇடி கருவியை உடனே மாட்டலாமா? ஈர உடம்பில் ஷாக் அடிக்குமா? (காசிமேடு)

மாட்டலாம், ஆனால் மூச்சு கொடுப்பதுதான் முதல் வேலை. மூழ்கியவருக்கு மூச்சு நின்ற பிறகே பெரும்பாலும் இதயம் நிற்கிறது. மூச்சு இல்லாவிட்டால் ஐந்து முறை ஊதி, பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு என்ற கணக்கில் தொடருங்கள். அதற்குள் மற்றொருவர் நெஞ்சைத் துணியால் நன்றாகத் துடைத்து, வலது காறை எலும்புக்குக் கீழே ஒரு பேடும் இடது அக்குளுக்குக் கீழே ஒரு பேடும் ஒட்டட்டும். ஷாக் கொடுக்கும் நொடியில் யாரும் அவரைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ‘ஷாக் தேவையில்லை’ என்று கருவி சொன்னால் அது பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கையை எடுத்துவிடாதீர்கள், அழுத்துவதைத் தொடருங்கள். வயிற்றை அமுக்கியும் தலைகீழாகப் பிடித்தும் தண்ணீரை வெளியேற்றும் வழக்கம் கடற்கரையில் இன்னும் இருக்கிறது, அதைத் தடுங்கள். அதனால் வாந்திதான் மேலேறி வரும், அப்போது மறுபடியும் சக்ஷன்தான் தேவைப்படும். பேடுகளின் காலாவதி தேதியையும் ஷிப்ட் தொடங்கும்போதே பாருங்கள்.

கீழே விழுந்த எல்லோரையும் ஸ்பைன் போர்டில் கட்டித்தான் கொண்டு போக வேண்டுமா? (பெரம்பூர்)

தேவையில்லை. போர்டு என்பது அடிபட்டவரை எடுத்து ஸ்ட்ரெச்சரில் சேர்ப்பதற்கான கருவி. மணிக்கணக்கில் படுக்க வைத்தால் முதுகில் புண் வரும். கட்டப்பட்டவர் வாந்தி எடுத்தால் போர்டோடு பக்கவாட்டில் திருப்புங்கள். சக்ஷன் தலைமாட்டில் இருக்க வேண்டும்.

தொழிற்சாலை வாயு கசிந்தால் வண்டியில் என்ன இருக்க வேண்டும்? முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போகலாமா? (எண்ணூர்)

போகக் கூடாது. என் 95 உட்பட எந்தத் துணி, காகித முகக்கவசமும் அம்மோனியாவைத் தடுக்காது. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது உறக்கத்திலிருந்து எழுந்து ஓடியவர்களுக்குக் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் இருந்ததை உங்கள் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். காற்று எங்கிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமே வண்டியை நிறுத்துங்கள். உள்ளே சென்று மீட்பது தனி மூச்சுக்கருவி அணிந்த தீயணைப்பு வீரர்களின் பணி. உங்கள் வண்டியில் இருக்க வேண்டியவை: கேன் கேனாகச் சுத்தமான தண்ணீர், கண் கழுவச் சலைன் பாட்டில்கள், நெபுலைசர், நிறைந்த சிலிண்டர், மாற்று உடைகள். நனைந்த உடையைக் களைந்து, கண்ணைக் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டே ஆக்ஸிஜன் கொடுங்கள்.

சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பாவை வண்டியிலேயே வைத்துவிடலாமா? (மணலி)

வெயிலில் நிற்கும் வண்டியில் வைக்காதீர்கள். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகள் 30 டிகிரி வரைதான் தாங்கும். மே மாதத்தில் மூடிக் கிடக்கும் வேன் அதை வெகுவாகத் தாண்டிவிடும். வண்டியை நிறுத்தியதும் டப்பாவை அறைக்குள் எடுத்துச் செல்லுங்கள். ஸ்ட்ரிப்பை எடுத்தவுடன் மூடியை இறுக மூடுங்கள், கடற்காற்றின் ஈரமும் அதைக் கெடுக்கும். சர்க்கரை இறங்கி மயங்கியவரைப் பார்த்தால் பக்கவாதம் வந்தவர் போலவோ மது அருந்தியவர் போலவோ தோன்றும். அங்கே தவறான எண் வந்தால் சிகிச்சையே திசைமாறிப் போகும். விரலைத் துடைத்த ஸ்பிரிட் நன்கு காய்ந்த பிறகே குத்துங்கள்.