எர்த் பார்க்கும் வேலைக்கா இத்தனை படிப்பு?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் வருத்தத்தைவிடக் கோபமே அதிகம் தெரிகிறது. மின்னணுவியலில் டிப்ளமோ முடித்த மகள் சர்க்யூட் வடிவமைக்கப் போவாள் என்று நம்பியிருந்தீர்கள். வந்திருப்பதோ, மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் நிலைமின் (உராய்வால் உடலிலும் பொருள்களிலும் தங்கும் மின்னேற்றம்) கட்டுப்பாட்டுப் பிரிவில் டெக்னீஷியன் வேலை. "மீட்டரைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக எர்த் பார்க்கவா படிக்கவைத்தேன்?" என்று கேட்கிறீர்கள். சேரட்டும் என்பதே என் கருத்து. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சேர வேண்டாம்.

முதலில், அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். உலர்ந்த காற்றில் சாதாரணத் தரையில் நடந்தாலே நம் உடலில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிலைமின் ஏறிவிடும். ஏறத்தாழ 3,000 வோல்ட்டைத் தொட்டால்தான் விரல் நுனியில் சுரீர் என்று உணர்வோம். சில சிப்களோ 100 வோல்ட்டிலேயே கெட்டுவிடும். கெடுத்தவருக்கே கெடுத்தது தெரியாது. அதனால்தான் மணிக்கட்டில் பட்டை, மேசையில் மின்னேற்றத்தை வடியவிடும் விரிப்பு, இரண்டுக்கும் எர்த் இணைப்பு என்று இத்தனை ஏற்பாடு.

மணிக்கட்டுப் பட்டையின் வயரில் 1 மெகாஓம் மின்தடை இருக்கும். நேராக எர்த்தில் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று புதியவர்கள் நினைப்பார்கள். பட்டை அணிந்தவரின் கை தவறுதலாக 230 வோல்ட்டில் பட்டால், அந்தத் தடைதான் பட்டை வழியே ஓடும் மின்னோட்டத்தைக் கால் மில்லிஆம்பியருக்குள் நிறுத்துகிறது. உங்கள் மகள் இதை ஓம் விதியைக் கொண்டு ஒரு நிமிடத்தில் கணக்கிட்டுவிடுவாள். படித்த படிப்பு முதல் நாளே பயன்படுகிறது, பாருங்கள்.

எர்த் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தவறு. பிளாஸ்டிக் தட்டு, ஒட்டும் டேப் போன்ற மின்கடத்தாப் பொருள்களில் ஏறிய மின்னேற்றம் எர்த் வயர் வழியே வடியாது. அவற்றை அகற்ற வேண்டும். முடியாவிட்டால், காற்றில் நேர், எதிர் மின்துகள்களைப் பரப்பும் அயனியாக்கி கொண்டு சமன்செய்ய வேண்டும்.

நான் முக்கியமாகக் கருதுவது இனிமேல்தான் வருகிறது. தொழிற்கூடத்தில் சர்வோ மோட்டார்களும், மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்களும், ஸ்விட்ச்சிங் வகை மின்வழங்கிகளும் ஓயாமல் ஓடுகின்றன. அவற்றின் உயர் அதிர்வெண் இரைச்சல் எர்த் வயரிலேயே கசிந்து பரவும். மல்டிமீட்டர் வைத்தால் 1 ஓமுக்கும் குறைவு, கச்சிதம் என்று காட்டும். ஆனால் வயருக்குத் தூண்டல் பண்பு, அதாவது வேகமாக மாறும் மின்னோட்டத்தை மறிக்கும் குணம் உண்டு; ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி. அதே வயர் 10 மீட்டர் நீளம் இருந்தால், 1 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 60 ஓம் அளவுக்கு மறிக்கும். சாலிடரிங் கருவியின் முனை ஒரு மின்னழுத்தத்திலும், மேசையில் எர்த் செய்யப்பட்ட சர்க்யூட் பலகை வேறொன்றிலும் இருந்தால், இடையிலுள்ள சிப் வழியாகத்தான் மின்னோட்டம் பாயும். செக்‌ஷீட்டில் எல்லாமே பச்சை. பலகைகள் மட்டும் கெட்டுக்கொண்டிருக்கும். மின்னழுத்தம் மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் அலைகாட்டியை (ஆசிலோஸ்கோப்) வைத்துப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த இரைச்சலின் கூர்முனைகள் தென்படும். ரோபோ கையின் மூட்டில் வளைந்து வளைந்து உள்ளுக்குள் அறுந்துபோன எர்த் வயரையும் இப்படி ஒருவர்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இதை எடுபிடி வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்காக எல்லா இடத்திலும் இப்படித்தான் என்றும் சொல்ல மாட்டேன். பல இடங்களில் காலையில் பட்டையைச் சோதித்துக் கையெழுத்து வாங்குவதோடு வேலை முடிந்துவிடும். எனவே நேர்காணலில் அவளே கேட்கட்டும்: பழுதான பலகைகளின் ஆய்வில் எனக்கு இடமுண்டா? அலைகாட்டியைத் தொட விடுவீர்களா? நிலைமின் கட்டுப்பாட்டுக்கான ஐஇசி 61340-5-1 அல்லது ஏஎன்எஸ்ஐ இஎஸ்டி எஸ்20.20 தரநிலையில் பயிற்சி தருவீர்களா? மூன்றுக்கும் மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம். நல்ல பதில் வந்தால், இங்கிருந்து தரப் பொறியியல், பழுது ஆய்வு, மின்காந்த இணக்கச் சோதனை (கருவிகள் ஒன்றின் இயக்கத்தை ஒன்று கெடுக்கிறதா என்று பார்ப்பது) என்று வழிகள் பிரியும். இஎஸ்டி (நிலைமின் வெளியேற்றம்) துறைக்கான அமைப்பான இஎஸ்டி அசோசியேஷன் நடத்தும் திட்ட மேலாளர் சான்றிதழும் உண்டு. அதற்கான தேர்வை அனுபவம் சேர்ந்த பிறகு எழுதினால் போதும். வடிவமைப்புதான் அவளுடைய ஆசை என்றால் இந்த வேலையில் நெடுநாள் தங்கக் கூடாது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குணமும் ஒத்துவர வேண்டும். வயதில் மூத்த தொழிலாளியிடம் போய், "பட்டை தளர்வாக இருக்கிறது, இறுக்குங்கள்" என்று நாள்தோறும் முகம் சுளிக்காமல் சொல்லத் தெரிய வேண்டும். சில நேரம் மேலதிகாரியிடமும் மறுத்துப் பேச நேரும். இரைச்சல் தீர வேண்டும் என்று ஓர் இயந்திரத்தின் பாதுகாப்பு எர்த்தைக் கழற்றிவிடச் சொன்னால், யார் சொன்னாலும் செய்யக் கூடாது. அதில் ஆள் உயிர் இருக்கிறது.

சேர்வதற்கு முன் தொழிற்கூடத்தை ஒருமுறை சுற்றிப்பார்க்க அனுமதி கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மேசையின் எர்த் வயரும் தனித்தனியாகப் பொது இணைப்புக்குப் போகிறதா, அல்லது ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குச் சங்கிலியாகத் தொடர்கிறதா என்று கவனிக்கட்டும். சங்கிலியாக இருந்தால், ஓர் இணைப்பு தளர்ந்தாலே அதற்கு அடுத்த மேசைகள் அனைத்தும் எர்த் இழந்துவிடும். அப்படி இருப்பதைக் கண்டால், "ஏன் இப்படி?" என்று அழைத்துச் செல்பவரிடமே கேட்கட்டும். அவர் சொல்லும் பதிலைப் பார்த்து நீங்கள் இருவரும் முடிவெடுங்கள்.