சிலநாள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வேதாகமக் கதைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன், இப்போது நம்பிக்கை இல்லை. பன்னிரண்டு வயதில் சண்டே ஸ்கூலில் "காயீனுக்குப் பெண்டாட்டி எங்கிருந்து வந்தாள்?" என்று கேட்டேன். வாத்தியார் "உட்காரு" என்றார். நாற்பது வருஷமாக உட்கார்ந்தே இருக்கிறேன், பதில் வரவில்லை. உலகத்தில் இருந்ததே ஆதாம், ஏவாள், அவர்கள் பிள்ளைகள் காயீன், ஆபேல் என்று நாலு பேர். ஆபேலைக் காயீன் அடித்துக் கொன்றாயிற்று. அப்புறம் காயீன் யாரைக் கண்டு பயப்படுகிறான்? அவன் கட்டிய பட்டணத்தில் குடியிருந்தது யார்? மெத்தூசலா 969 வருஷம் வாழ்ந்தது எப்படி? ஆரம்பத்திலேயே இத்தனை ஓட்டை உள்ள புத்தகத்தை உங்களைப் போன்றவர்கள் இலக்கியம் என்று ஏன் தூக்கிப்பிடிக்கிறீர்கள்?

அம்மாவுக்கு 78 வயது. போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது காலை ஜெபத்தில் இதையே கேட்டுவிட்டேன். பெரிய சண்டை. அதற்கப்புறம் இன்னும் ஊருக்குப் போகவில்லை. இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, சும்மா சொன்னேன்.

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

சம்பந்தமில்லாதது என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சில வரிகளுக்காகத்தான் பதில் எழுதுகிறேன். மேலே உள்ள கேள்விகள் மட்டும் வந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

முதலில் உங்கள் பெண் தேடும் படலத்தை முடித்துவிடுவோம். நீங்கள் தனி ஆள் இல்லை, பெரிய வரிசை ஒன்றின் கடைசியில் நிற்கிறீர்கள். 1925இல் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து டேட்டன் என்ற சிற்றூரில், பரிணாமக் கொள்கையைப் பாடம் நடத்தியதற்காக ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர்மீது வழக்கு நடந்தது. அவருக்காக வாதாடிய கிளாரன்ஸ் டாரோ, எதிர்த்தரப்பு வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே சாட்சியாக ஏற்றி, காயீனுக்கு மனைவி எங்கே கிடைத்தாள் என்று கண்டுபிடித்தீர்களா என்று கேட்டார். அவளைத் தேடும் வேலையை சந்தேகக்காரர்களுக்கே விட்டுவிட்டேன் என்றார் பிரையன். நாற்பது வருஷமாக நீங்கள் பார்த்துவருவது அந்த வேலையைத்தான்.

பிரான்சில் ஐசக் லா பெய்ரேர் என்பவர் இன்னும் தீவிரமாகத் தேடினார். ஆதாமுக்கு முன்பே மனிதர்கள் இருந்திருக்கவேண்டும் என்று 1655இல் புத்தகம் போட்டார். அடுத்த வருஷம் கைதானார். போப்பாண்டவர் முன் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொண்ட பிறகுதான் தப்பினார். ஆதித் திருச்சபையின் அறிஞர் அகுஸ்தீனோ, முதல் தலைமுறையில் வேறு வழியில்லை, சகோதரியைத்தான் கட்டியிருக்கவேண்டும் என்று நேராகச் சொல்லிவிட்டார். ஆதாமுக்குக் குமாரரும் குமாரத்திகளும் பிறந்தார்கள் என்று வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் ஐந்தாம் அதிகாரத்திலேயே இருக்கிறது. உங்கள் நாலு பேர் கணக்கு அங்கேயே தவறிவிட்டது. யூதர்களின் பழைய ஏடு ஒன்றில் அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். பிறகு சொல்கிறேன்.

மெத்தூசலாவை விட்டுவிடுங்கள். சுமேரிய அரசர் பட்டியலில் முதலாவதாக வரும் அலுலிம் 28,800 வருஷம் ஆட்சி செய்தாராம். அவர் பக்கத்தில் மெத்தூசலா கைக்குழந்தை.

பன்னிரண்டு வயதில் நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. உட்காரச் சொன்ன வாத்தியார் செய்தது தப்பு. ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் அதே கேள்வியைத் துடைத்து எடுத்துக்கொண்டுபோய் 78 வயதுக் கிழவியிடம் நீட்டியிருக்கிறீர்கள். அதுவும் ஜெபத்தில், கிறிஸ்துமஸ் அன்றைக்கு. உங்களுக்கு வெட்கமாக இல்லையா? வாத்தியாருக்குச் சொல்லவேண்டிய பதிலை அம்மாவிடம் போய்ச் சொன்னால் அது பகுத்தறிவா?

கோபம் உங்கள்மீது மட்டுமில்லை. ஓட்டை என்று விரல் வைத்துக் காட்டுகிறவர், ஓட்டையே இல்லை என்று சிமெண்டு பூசுகிறவர், இரண்டு பேருமே அந்த இடத்தில் நின்று ஒரு நிமிஷம் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

நீங்கள் சொன்ன காயீன் கதை வருகிற நாலாம் அதிகாரத்தையே எடுங்கள். எட்டாம் வசனம். எபிரேயத்தில் "காயீன் தன் சகோதரன் ஆபேலிடம் சொன்னான்" என்று வாக்கியம் தொடங்குகிறது. என்ன சொன்னான் என்பது இல்லை. அடுத்து, அவர்கள் வயல்வெளியில் இருக்கிறார்கள், கொலை நடக்கிறது. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. "வயலுக்குப் போவோம் வா" என்று இருக்கிறது அவர்களிடம். சமாரியர்களின் ஏட்டிலும் அப்படியே. உங்கள் அம்மா வாசிக்கிற நம்முடைய பழைய தமிழ் வேதாகமம் சாமர்த்தியமாக "ஆபேலோடே பேசினான்" என்று போட்டுப் பள்ளத்தை மூடிக்கொண்டு போய்விட்டது. எபிரேய ஏட்டை மட்டும் படியெடுத்தவர்கள் எத்தனையோ நூற்றாண்டாக அந்த அறுந்த வாக்கியத்தை அறுந்தபடியே எழுதிவைத்திருக்கிறார்கள். காயீனின் பெண்டாட்டியைவிட இது எனக்குப் பெரிய விஷயம்.

இப்படி இன்னும் உண்டு. மகன் ஈசாக்கைப் பலியிடக் கூட்டிக்கொண்டுபோன மலையிலிருந்து ஆபிரகாம் வேலைக்காரரிடம் திரும்பிவந்தான் என்று இருக்கிறது. ஈசாக்கு வந்தானா என்று இல்லை. இதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள், நான் வேறு எழுதவேண்டாம்.

பல மாதமாக நான் நினைத்துக்கொண்டிருப்பது ரெபெக்காளை. ஈசாக்கின் மனைவி, ஏசாவுக்கும் யாக்கோபுக்கும் தாய்.

ஆதியாகமம் சாவுகளைக் கவனமாகக் குறித்துவைக்கிற புத்தகம். ஆபிரகாமின் மனைவி சாராள் 127 வயதில் செத்தாள். அவளைப் புதைக்க 400 சேக்கல் வெள்ளி கொடுத்து மக்பேலா குகையை வாங்கியது வரை ஒரு முழு அதிகாரம். யாக்கோபின் மனைவி ராகேல் பிரசவத்தில், வழியில் செத்தாள். கல்லறைமேல் தூண் நிறுத்தினார்கள். ரெபெக்காள் செத்தது எங்கேயும் இல்லை.

ஆனால் ரெபெக்காளின் தாதி செத்தது இருக்கிறது! முப்பத்தைந்தாம் அதிகாரம், எட்டாம் வசனம். ராகேலின் சாவுக்குச் சில வசனங்கள் முன்னால். தெபொராள் மரித்து, பெத்தேலுக்குப் பக்கத்தில் ஒரு கர்வாலி மரத்தின்கீழ் அடக்கமானாள். மரத்துக்கு அல்லோன்பாகூத் என்று பெயர் வந்தது. அழுகையின் மரம் என்று அர்த்தம். இந்தத் தாதிக்குக் கதையில் இதற்கு முன் பெயர்கூடக் கிடையாது. ரெபெக்காள் கல்யாணமாகிப் புறப்பட்டபோது கூட அனுப்பிவைக்கப்பட்ட யாரோ ஒரு தாதி, அவ்வளவுதான். திடீரென்று யாக்கோபின் கூட்டத்தில் இருக்கிறாள், சாகிறாள், ஒரு மரத்தையே அவளுக்காக அழவைக்கிறார்கள்.

கொஞ்சம் பின்னால் போங்கள். அப்பாவை ஏமாற்றி அண்ணனுக்குரிய ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்ட யாக்கோபை ஏசா கொல்லப்போகிறான் என்று தெரிந்ததும், ரெபெக்காள் தன் சகோதரன் லாபான் வீட்டுக்கு அவனை அனுப்புகிறாள். லாபான் இருந்த ஆரான் இன்றைய துருக்கியின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. சிலநாள் அங்கே இரு, அண்ணன் கோபம் ஆறியதும் ஆள் அனுப்பி அழைத்துக்கொள்கிறேன் என்கிறாள். ஒரே நாளில் உங்கள் இரண்டு பேரையும் நான் ஏன் இழக்கவேண்டும் என்கிறாள். அப்புறம் மருமகள்களைப் பற்றிக் கணவனிடம் ஒரு புலம்பல். அதோடு சரி, அவள் குரல் முடிந்துவிட்டது.

சிலநாள் என்பது இருபது வருஷமாயிற்று. மனைவிகளுக்காகப் பதினாலு, மந்தைக்காக ஆறு. இதில் ராகேலுக்காக வேலைசெய்த முதல் ஏழு வருஷமும் அவள்மேல் இருந்த பிரியத்தால் யாக்கோபுக்குக் கொஞ்சநாளாகத் தோன்றியது என்று வருகிறது. தமிழில் ஓரிடத்தில் சிலநாள், இன்னோரிடத்தில் கொஞ்சநாள் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொற்கள்தான், யாமீம் அகாதீம். வாசலில் நின்று அம்மா சொன்ன சொல்லை மகன் வேறொரு வீட்டில், வேறொரு பெண்ணின் பக்கத்தில் இருந்துகொண்டு எண்ணிக் கழிக்கிறான். அவனுக்கு அது நிஜமாகவே கொஞ்சநாள். அங்கே பெயெர்செபாவில் அதை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு எத்தனை நாள் என்று ஆதியாகமம் சொல்லவில்லை.

இருபது வருஷம் கழித்து அவன் திரும்பி எபிரோனுக்கு வருகிறபோது அப்பா ஈசாக்கு இருக்கிறார். பின்னால் 180 வயதில் அவர் செத்ததும் இரண்டு மகன்களும் சேர்ந்து அடக்கம் செய்கிறார்கள். அம்மா? பேச்சே இல்லை. எகிப்தில் சாகக்கிடக்கும்போதுதான் யாக்கோபு வாயைத் திறக்கிறான். அந்தக் குகையில் ஈசாக்கையும் ரெபெக்காளையும் "அடக்கம்பண்ணினார்கள்", தன் இன்னொரு மனைவி லேயாளை "அடக்கம்பண்ணினேன்". ஈசாக்கின் அடக்கத்தில் அவனும்தானே இருந்தான், இந்த வினைமுற்றை வைத்து என்ன நிரூபிக்கிறீர்கள் என்று நீங்கள் உடனே எழுதுவீர்கள். எதையும் நிரூபிக்கவில்லை. எனக்கு அந்த இரண்டு விகுதிகளையும் சேர்த்துப் படிக்கும்போது தொண்டை அடைக்கிறது, அவ்வளவுதான்.

யூத வேத ஆசிரியர்களான பழைய ரபிகள் இங்கே பூசி மெழுகவில்லை. பெத்தேலில் தாதிக்காக அழுதுகொண்டிருந்தபோதே தாய் செத்த சேதியும் யாக்கோபுக்கு வந்துவிட்டது, அந்த மரத்தின் பெயரிலேயே "இன்னொரு அழுகை" ஒளிந்திருக்கிறது என்றார்கள். பதினோராம் நூற்றாண்டில் பிரான்சின் துரோவாவில் இருந்த ராஷி, தாதி அங்கே எப்படி வந்தாள் என்பதற்கும் விடை எழுதிவைத்தார். ஆள் அனுப்புகிறேன் என்றாளே ரெபெக்காள், அவள் அனுப்பிய ஆள்தான் தெபொராள், திரும்பும் வழியில் செத்துப்போனாள். அப்படியென்றால் அந்தத் தாய் வார்த்தை தவறவில்லை. அனுப்பியிருக்கிறாள். இது ஏட்டில் இல்லை, அவர் தனக்கு முந்தைய ஒருவரிடம் கற்றது. இருந்தாலும் இதுதான் உள்ளே எட்டிப் பார்ப்பது.

நவீன ஆய்வாளர்கள், பல ஏடுகளைச் சேர்த்துத் தைத்ததில் இதெல்லாம் விட்டுப்போயிற்று என்பார்கள். பதினைந்தாம் லூயி அரசரின் மருத்துவராக இருந்த ஜான் அஸ்த்ருக் 1753இல் பெயர் போடாமல் வெளியிட்ட புத்தகத்தில், கடவுளுக்கு இரண்டு பெயர்கள் வருவதை வைத்தே ஆதியாகமத்தைப் பிரித்துக் காட்டினார். எனக்கு அதில் சண்டை இல்லை. தைத்திருக்கிறார்கள். தாதிக்கு இடம் கண்டுபிடித்த தையற்காரன் தாய்க்கு ஒரு முழத் துணி கிடைக்காமலா விட்டான்?

இந்தக் கேள்வி என்னுடையது இல்லை, என் ஆச்சியுடையது. அப்பாவைப் பெற்றவள். கண்ணில் புரை விழுந்தபிறகு காலையில் வேதம் வாசிக்கிற வேலை எனக்கு வந்தது. எனக்குப் பதினொரு வயது. தினமும் ஒரு அதிகாரம், ஆதியாகமத்திலிருந்து வரிசையாக. முப்பத்தைந்தாம் அதிகாரத்தில் எட்டாம் வசனத்தைத் தாண்டியதும் "நில்லுலே" என்றாள். "திரும்ப வாசி." வாசித்தேன்.

"தாதி செத்தத எழுதிருக்கு. பெத்தவ செத்தத எங்கலே எழுதிருக்கு?"

புரட்டிப் பார்த்து, எழுதவில்லை ஆச்சி என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. காலடியில் கோழி வந்து நின்றது, அதை விரட்டினாள். "செரி, வாசி" என்றாள்.

அந்த வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் உள்ள வெற்றுத்தாளில் ஆச்சி மைப்பேனாவால் எழுதிய குடும்பக் கணக்கு இருக்கிறது. நாங்கள் எல்லோரும் பிறந்த தேதி, நேரம், ஞானஸ்நானம். தாத்தா "கர்த்தருக்குள் நித்திரையடைந்தது". எங்கள் வீட்டில் நெல் அவிக்க வந்துகொண்டிருந்த கிழவி இறந்த நாள், "விடியற்காலம் 4 மணி, நல்ல மழை" என்பது உட்பட. அத்தைக்குப் பிறந்த தேதி இருக்கிறது, ஞானஸ்நானம் இருக்கிறது, திடப்படுத்தல் இருக்கிறது. அப்புறம் வரி பாதியில் நிற்கிறது. கோடு போட்டு அடிக்கவும் இல்லை.

அத்தை வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு பம்பாய் போனவள். யார் கேட்டாலும் ஆச்சி "அவ கொஞ்ச நாள் பம்பாயில இருக்கா" என்பாள். எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு தந்தி வந்தது. ஆச்சி வாங்கி, அப்பாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய் உலை வைத்தாள். அப்போது அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும், பேனா பிடித்து எழுதமுடியும். அந்தத் தந்தியை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. வேதத்துக்குள் இல்லை, ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு, அத்தையைப் பற்றி எழுதாதது ஆச்சியின் கல்மனசு என்று ஒருவர் சொல்லலாம், மறதி என்று ஒருவர் சொல்லலாம். தயவுசெய்து நீங்கள் இரண்டையும் எனக்கு எழுதி அனுப்பாதீர்கள்.

ஏழெட்டு மாதம் போயிருக்குமா கிறிஸ்துமஸ் முடிந்து? உங்கள் கடிதத்தில் "இன்னும் போகவில்லை" என்று இருக்கிறது. "இன்னும்" என்ற சொல்லை இன்னொரு தடவை நீங்களே படித்துப் பாருங்கள்.

அப்புறம், அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்கிறேன் என்றேன். அவான். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட யூபிலி நூலில் இருக்கிறது. முழுசாக மிஞ்சியிருப்பது எத்தியோப்பியாவின் கீயஸ் மொழியில் மட்டும்தான், அங்கே திருச்சபை அதை வேதமாகவே வைத்திருக்கிறது. ஆதாமின் மகள், காயீனின் தங்கை. போனில் வேண்டாம், நேரில் போய் அம்மாவிடம் சொல்லுங்கள். வேதத்தில் இல்லாததையெல்லாம் எதற்குப் படிக்கிறாய் என்று திட்டுவார். திட்டி முடித்ததும், அவளுக்கு எத்தனை பிள்ளை என்று கேட்பார். ஏனோக்கு என்று ஒருவன், அவன் பேரில்தான் பட்டணம் என்று சொல்லுங்கள், அது நாலாம் அதிகாரத்திலேயே இருக்கிறது.